ஆம்னிக்குப் புதுப் பட்டை

1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான வண்டி அது. எனக்குப் பணி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் ஆம்னிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரிக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபின், மாதம் இரண்டு தடவை கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துப் போக வேண்டும். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் பின்பக்கம் 'டங்' என்று அடிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒருநாள், "ஏங்க, அடுத்த தடவை பஸ்ஸிலயே போயிடலாமா?" என்றாள். பஸ் பணிமனையில் 32 வருடம் வேலை பார்த்தவனுக்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

குனிந்து பார்த்தேன். பின்பக்கக் கமான் பட்டைகள் வளைவு இழந்து படுத்துவிட்டன. பள்ளத்தில் விழும்போது அச்சு நேராக ரப்பர் முட்டில் போய் மோதுகிறது. "ஒரு பட்டை சேர்த்துடலாம் சார்" என்றார் தெரிந்த மெக்கானிக். மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது சரி. இரண்டு பேர் போகிற வண்டியில் பட்டை கூடினால் விறைப்பும் கூடும், முதுகுக்கு ஆகாது. ஆகவே பழைய எண்ணிக்கைப்படியே புதுப் பட்டை செட், ரப்பர் புஷ், யூ போல்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் வாங்கிவந்து நானே மாட்டினேன். ஐடிஐ படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் துணைக்கு வந்தான்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகுதான் அடியில் போனோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக் கூடாது. பிரேக் ஹோஸ் இழுபடாமல் அச்சுக்குத் தனியாக முட்டுக் கொடுத்தோம். பழைய யூ போல்ட்டை மறுபடி போடவில்லை. ஒருமுறை இழுத்து முறுக்கிய போல்ட்டை நம்ப முடியாது.

"புஷ் போல்ட்டையும் இப்பவே முறுக்கிடவா தாத்தா?" என்றான் பையன். வேண்டாம் என்றேன். வண்டி தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் பாரத்தில் நின்றபின்தான் கடைசி முறுக்கு.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. புதுப் பட்டை ஓடி ஓடித்தான் அமரும். முதல் வாரம் வண்டியின் பின்பக்கம் தூக்கியே நின்றது. ஹெட்லைட் வெளிச்சமும் சாலையில் கிட்டேயே விழுந்தது. அவளை ஏற்றாமல், பின்சீட்டில் இரண்டு அரிசி மூட்டையை வைத்து, சுவாமிமலை, திருவையாறு என்று நிதானமாக ஓட்டினேன். 100 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் பார்த்தேன். நாலில் மூன்று கொஞ்சம் இறங்கின. 500-ல் மறுபடி பார்த்தபோது ஒன்றும் அசையவில்லை. டேப் வைத்து அளந்தேன். பின்பக்கம் அரை அங்குலம் தணிந்திருந்தது, இடமும் வலமும் சமம். பிறகு ஹெட்லைட்டைச் சரிசெய்தேன்.

அதன்பிறகே அவளை ஏற்றினேன். தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது பாபநாசம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் பழைய வேன் நின்றால், பெரியவர்களை ஏற்றுமுன் பின்பக்கம் ஒருமுறை குனிந்து பாருங்கள். அச்சுக்கும் ரப்பர் முட்டுக்கும் நடுவே இடைவெளி மிகவும் குறைந்திருந்தால், பட்டையைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.