தட்டுவடை செட்: இரண்டு கைகளின் தொழில்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் சேலத்தைத் தாண்டித்தான் போகிறார்கள், சேலத்துக்கென்று வருவதில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மலையடிவாரத்துக்கு விரையும் கார்களில் சில, பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவின் முன் ஒரு படம் எடுக்க நின்றால் உண்டு. சேலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுகவனேசுவரர் கோயிலையும் கோட்டை மாரியம்மனையும் சொல்வோம். சாப்பிட என்றால் தட்டுவடை செட். அந்தச் செட்டையும் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அது தின்பண்டம் மட்டுமல்ல, இரண்டு தொழிலாளிகள் பங்கிட்டுச் செய்யும் கைவேலை.

முதல் கை, தட்டுவடை தட்டுபவருடையது. வீடுகளிலும் சிறு கூடங்களிலும் பெரும்பாலும் பெண்கள். அரிசி மாவில் பொட்டுக்கடலை மாவு கூடினால் மொறுமொறுப்பு குறையும். எண்ணெய் காயாமல் போட்டால் வடை எண்ணெயைக் குடிக்கும். தட்டியதில் குத்திவிடாவிட்டால் பூரி மாதிரி உப்பும். செட்டுக்கான தட்டுவடை ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் இருக்க வேண்டும், சட்னியைத் தாங்கவும் வேண்டும். நாள்கணக்கில் கெடாத இந்தப் பண்டத்தை இரண்டாவது கை, அதாவது தள்ளுவண்டிக்காரரின் கை, சில நிமிடங்களே தாங்கும் பண்டமாக மாற்றுகிறது. ஒரு தட்டுவடையில் புதினா கொத்தமல்லிச் சட்னி, அதன்மேல் கேரட், பீட்ரூட் துருவலும் வெங்காயமும், காரச் சட்னி தடவிய இன்னொன்று மூடியாக. சட்னி நீர்த்தாலோ துருவல் தண்ணீர் விட்டாலோ நமத்துப்போகும். அதனால் முன்கூட்டியே அடுக்கி வைக்க வழியில்லை. கேட்டபின்தான் கை ஓட வேண்டும். முறுக்கு செட், நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

தள்ளுவண்டித் தீனிக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். இத்தாலியின் நேப்பிள்ஸில் பீட்சாவும் தெருவில் ஏழைகள் தின்றதுதான். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பீட்சாவை அல்ல. மாவைத் தட்டிச் சுழற்றி விறகடுப்பில் சுடும் 'பிட்சாயுவோலோ'க்களின் கலையை. அந்நகரில் அப்படிச் சுமார் 3,000 பேர் உண்டு என்கிறது யுனெஸ்கோ. அங்கே போகும் பயணி மாவு தட்டுவதை நின்று பார்க்கிறான். நம் வண்டிக்காரரின் விரல்களை யாரும் பார்ப்பதில்லை. பார்சல் கட்டச் சொல்லிவிட்டு போனைப் பார்க்கிறோம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அங்கீகாரத்தால் பண்டத்துக்குப் பெயர் வரும், தொழிலாளிக்கு என்ன வரும்? நியாயம்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் மட்டும் ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான மரவள்ளி விலையின் ஏற்ற இறக்கம் நின்றுவிடாது. ஆகவே நான் கேட்பது பண்டத்துக்கான முத்திரை அல்ல, தொழிலாளிக்கான பாதுகாப்பு. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு வேண்டும் என்கிறது அது. வண்டி நிற்கும் இடம் உறுதியானால் இரண்டாவது கைக்குப் பயம் போகும். வீட்டிலிருந்து தட்டும் முதல் கைக்கோ அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்களையும் தொழிலாளியாகப் பதிவுசெய்ய மாநகராட்சியும் தொழிலாளர் துறையும் முன்வர வேண்டும். வாசகர் செய்யக்கூடியது இதைவிடச் சுலபம்: ஏற்காடு போகும் வழியில் மாலையில் இறங்குங்கள், செட்டை வண்டியருகிலேயே நின்று தின்னுங்கள், பார்சல் கேட்காதீர்கள்.