புதுப்பேட்டையில் கிடைக்காத பெட்டி

புதுப்பேட்டையைப் பற்றிச் சென்னையில் ஒரு பழைய ஜோக் உண்டு. காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், டீ ஆறுவதற்குள் உங்கள் கார் நாலு கடையில் தொங்கும். அப்புறம் பேரம் பேசி உங்களிடமே விற்பார்கள். அநியாயமான ஜோக்தான். ஆனால் அதற்குள் ஒரு மரியாதையும் ஒளிந்திருக்கிறது. எந்த வண்டியையும் பிரிக்க இந்த ஊரில் ஆள் உண்டு, பிரித்ததை மாட்டவும் ஆள் உண்டு.

இந்த நம்பிக்கை எனக்கு ஆட்டம் கண்டது அம்பத்தூரில்.

என் எலெக்ட்ரிக் காருக்கு இரண்டு வயது. வேளச்சேரி சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தேன். பின்னால் வந்த தண்ணி லாரி நிற்கவில்லை. கார் எகிறிப் போய் மீடியன் மேல் உட்கார்ந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. டிக்கியும் பம்பரும் அப்பளம். பேட்டரி வேலை பார்க்கிற கிளை அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் என்று அங்கே கட்டி இழுத்துப் போனார்கள்.

"பம்பர், டிக்கி டோரெல்லாம் நாலு நாள்ல வந்துரும் சார். கீழதான் பிரச்னை" என்றார் சர்வீஸ் அட்வைஸர் தம்பி. லிஃப்டில் தூக்கிக் காட்டினார். காரின் வயிறு முழுக்க ஒரே பெட்டி. அதுதான் பேட்டரி. அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒடுக்கு.

"தட்டி எடுத்துட முடியாதா?"

கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவர் சொன்ன விஷயம் இது. பெட்டிக்குள் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் டி.சி. கரன்ட். ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால் யாரும் கை வைக்கக்கூடாது. இணைப்பைத் துண்டித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, அதற்கென்றே உள்ள ரப்பர் கையுறையோடுதான் தொடவேண்டும். அப்புறம் கசிவு சோதனை. பெட்டிக்குள் காற்றை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் எங்கேயோ ஓட்டை. காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐ.பி.67 என்று ஒரு தர எண் போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று அர்த்தம். பெட்டி முழுசாக இருக்கும்வரைதான் அந்த உத்தரவாதம். என் வீடு வேளச்சேரியில். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த தெரு. ஐப்பசி பிறக்கப் பதினைந்து நாள்தான் பாக்கி.

"இங்கயே டெஸ்ட் பண்ணிடுங்களேன்."

"கம்பெனி இன்ஜினீயர் வரணும் சார். சௌத் முழுக்க அவர்தான் பார்க்கறார்."

"எப்ப வருவார்?"

"அப்ரூவல் வந்ததும் சார்."

அப்ரூவல் கொடுக்க வேண்டியவர்கள் இன்ஷூரன்ஸ்காரர்கள். சர்வேயர் வந்தார், குனிந்தார், போட்டோ எடுத்தார், போகிறபோக்கில் ஒரு குண்டு போட்டார். ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்டிருக்கிற ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. "பேட்டரி முழுசா மாத்தணும்னா கிட்ட வந்துரும் சார்." அப்படி ஆனால் வருகிற பணம் முதலில் பாங்குக்குத்தான் போகும். இன்னும் மூன்று வருஷ லோன் பாக்கி. ஒரு சாண் ஒடுக்கு உள்ளே இறங்கியிருக்கிறதா இல்லையா என்பதில் எனக்குக் கார் இருக்கிறதா இல்லையா என்பது தொங்கியது. பார்த்துச் சொல்ல வேண்டிய ஆசாமி வேறு ஏதோ ஊரில்.

வாரம் ஒரு நாள் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு அம்பத்தூர் போவேன். 1964-ல் உருவான பேட்டை. லேத் சத்தம் கேட்காத தெரு அபூர்வம். ஒரு துண்டு இரும்பைக் கொடுத்தால் நட்டு போல்ட்டாகத் திருப்பித் தருகிற மனிதர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். நடுவில் ஏ.சி. லவுஞ்சில் டி.வி. பார்த்துக்கொண்டு நான். முரண்பாடு புரிகிறதா?

திரும்பும்போது பட்டரவாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயில். சென்னைக்கு மின்சார வண்டி புதுசே இல்லை. 1895-லேயே இங்கே எலெக்ட்ரிக் டிராம் ஓடியது. இந்தியாவிலேயே முதல். 1953 வரை ஓடியது. 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. என் காரில் முன்னூறு சொச்சம் வோல்ட். இந்த ரயிலின் தலைக்கு மேல் 25,000! அதைப் பழுது பார்க்கிற ஷெட் இதே லைனில் ஆவடியில் இருக்கிறது. அங்கே தினமும் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவர்கள்தான் பார்க்கிறார்கள். ஆக, பயம் வோல்ட்டில் இல்லை. கற்றுக்கொண்ட கை எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஒரு நாள் சென்ட்ரலில் இறங்கி, பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை போய், கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்கே போய்விட்டேன். கதவுகள், கண்ணாடிகள், சைலன்ஸர்கள். மழைக்கு நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாயிடம் கார் பேரைச் சொன்னேன்.

"பம்பர் இருக்கு தம்பி. டோர் இருக்கு. லைட்டு ஜோடியா வேணுமா?"

"அடியில பேட்டரிப் பெட்டி?"

கையை எடுத்துவிட்டார். "அது மட்டும் வேணாம் தம்பி. நானும் வாங்கறதில்ல. எங்க வாப்பா இன்ஜின் சத்தத்த வெச்சே எந்த வால்வு போச்சுன்னு சொல்வார். இதுல சத்தமே இல்லையே, எதக் கேட்டுச் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தி, "சின்னவன் ஐ.டி.ஐ.ல எலெக்ட்ரிக் வண்டி மெக்கானிக்குதான் படிக்கிறான். அவன் வந்து பாத்துக்கட்டும்" என்றார். குரலில் பெருமை பாதி, தன் காலம் முடிகிறதே என்பது பாதி.

முப்பத்தொன்பதாம் நாள் இன்ஜினீயர் வந்தார். இருபத்தெட்டு வயசு இருக்கும். கையுறை மாட்டினார், இன்சுலேஷன் பார்த்தார், காற்று அடைத்தார். அந்தக் கால் மணி நேரம் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. ஒடுங்கியது வெளிக்கவசத் தகடு மட்டும்தான். உள்ளே பெட்டி பத்திரம். மொத்தம் இரண்டு மணி நேர வேலை. தகட்டை அம்பத்தூர் பையன்களே மாற்றினார்கள், அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க. நாற்பத்தோராம் நாள் கார் வெளியே வந்தது.

அடுத்த ஒடுக்கு எவனுக்கு விழுகிறதோ, அந்தப் பையன்கள் புண்ணியத்தில் அவனுக்கு நாலைந்து நாள் குறையலாம்.

எலெக்ட்ரிக் கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதல் கேள்வியாக "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்கிறார்கள். கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: "அடிபட்டா இந்தப் பெட்டியைப் பார்க்க எங்க ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க?" சேல்ஸ்மேன் விரலை மடக்க ஆரம்பித்தால் தாராளமாக புக் பண்ணலாம். மானேஜரைக் கூப்பிடப் போனால், நீங்கள் டீ குடிக்கப் போய்விடலாம்.