வெளியே வர வேண்டிய பெயர்கள்

திங்கள், இரவு

சிங்கப்பூர்த் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசகர் வட்டத்துத் தோழி கேட்டார்: "அண்ணா, கட்டுரை சரிபார்க்கிறீங்களே, அந்தப் பைத்தான் நிரலை எங்களுக்கும் தாங்களேன்." கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே கோப்பில் குவிந்து கிடப்பதை அப்படியே கொடுக்க மனமில்லை. மாட்யூலாகப் பிரித்துத் தருகிறேன் என்றேன்.

அந்த நிரலில் எழுத்தெண்ணும் வேலையை நான் புதிதாக எழுதவில்லை. 'சிங்கப்பூர்' என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 11 என்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. நமக்கோ ஆறு எழுத்து. முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதை மட்டும் பெயர் சொல்லி இம்போர்ட் செய்துகொண்டேன்.

செவ்வாய்

எதை வெளியே விடுவது? பெர்ல் மொழியின் எக்ஸ்போர்ட்டர் மாட்யூல் இதற்கு இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது: கேட்காமலே போய்ச் சேரும் பெயர்கள், கேட்டால் மட்டும் தரப்படும் பெயர்கள். இரண்டாவதே எனக்குப் பிடிக்கும். அடுத்தவர் நிரலுக்குள் நம் பெயர்களைக் கொட்டினால், அவர் அதே பெயரில் வைத்திருப்பது சத்தமில்லாமல் மறைந்துபோகும். பைத்தானில் உள்வேலைப் பெயர்களுக்கு முன்னால் அடிக்கோடு போடுகிறோம். நட்சத்திரக் குறியிட்டு மொத்தமாக இம்போர்ட் செய்பவருக்கு எவை போகலாம் என்பதை 'ஆல்' என்ற பட்டியலில் எழுதுகிறோம். அந்தப் பட்டியல் பூட்டு அல்ல. பெயர் தெரிந்து கேட்பவருக்கு உள்ளே இருப்பதும் கிடைக்கும். பயன்படுத்துகிறவரை நம்பும் இந்த ஏற்பாடு எனக்கு உகந்தது.

மூன்று ஃபங்ஷன்கள் போதும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் ஒன்றுக்குச் 'சொற்கள்' என்றே பெயர் வைத்தேன்.

வியாழன்

தோழியின் கணினியில் ஒரு புதிர். பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால் 'சொற்கள்' வருகிறது. நட்சத்திரக் குறியிட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் உட்கார்ந்து இருவரும் தேடினோம்.

காரணம் 'சொ'. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. நிரலில் வரும் பெயர்களைப் பைத்தான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் 'ஆல்' பட்டியலில் இருப்பவை மேற்கோளுக்குள் இருக்கும் வெறும் சரங்கள். அவற்றை அது தொடுவதில்லை. தோழி பட்டியலை மறுபடி தட்டச்சு செய்திருந்தார். அவருடைய விசைப்பலகை அந்தக் குறியை இரண்டாகப் போட்டிருந்தது.

1990களில் நா. கோவிந்தசாமி இந்த ஊரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்ததும், 1997இல் தமிழ்நெட் மாநாடு இங்கே கூடியதும் இப்படிப்பட்ட சிக்கல்களுக்காகத்தான். யூனிகோடு பரவிய பின்னும் தமிழில் நிரல் எழுதுபவருக்கு அந்தக் கவனம் தேவைப்படுகிறது. அதற்காகத் தமிழ்ப் பெயரை விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் பைத்தான் பயன்படுத்தும் என்எஃப்கேசி என்ற அந்த ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தோம். நட்சத்திரக் குறியிலும் 'சொற்கள்' வந்தது. அடுத்துச் சந்திப்பிழை பார்க்கும் ஃபங்ஷனைத் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார் தோழி.