தென்காசியும் திருக்குற்றாலமும்: வருங்கால அடியாரை வணங்கிய மன்னனின் ஊர்

வாழ்நாளில் ஒரு முறையேனும் காசிக்குச் சென்று கங்கையில் நீராடி விசுவநாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஆவல். ரயிலும் விமானமும் இல்லாத காலத்தில் அந்த ஆவல் நிறைவேறுவது எளிதாக இருக்கவில்லை. காசிக்குப் புறப்படுவோர் உற்றார் உறவினரிடம் விடைபெற்றுச் சென்றனர். வழியிலேயே உயிர் துறந்தவர் பலர். அப்படிச் சென்று சேர முடியாதவர்களுக்காகவே இறைவன் தெற்கே கோயில் கொண்ட ஊர் தென்காசி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிற்றாற்றின் கரையில் அமைந்த இவ்வூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில் திருக்குற்றாலம். ஒன்றில் மன்னன் எழுப்பிய கோபுரம். மற்றொன்றில் மலை பொழியும் அருவி. இரண்டையும் சேர்த்துத் தரிசிப்பதே மரபு. முதியவர்கள் அவசரமின்றி வழிபட இரண்டு நாட்கள் போதும்.

எறும்பு காட்டிய வழி

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படையெடுப்புகளால் மதுரை நிலைகுலைந்தது. பாண்டியரின் செல்வாக்கும் படிப்படியாகக் குறைந்தது. பின்வந்த பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கித் தென்காசிப் பகுதியில் ஆட்சி செய்தனர். அவர்களுள் சிறந்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். 1422 முதல் 1463 வரை ஆண்டவன்.

அவன் கனவில் சிவபெருமான் தோன்றி, காசிக்கு வர இயலாத தென்னாட்டு அடியார்களுக்காகத் தமக்கு இங்கே ஒரு கோயில் எழுப்புமாறு பணித்தார் என்றும், எறும்புகள் ஊர்ந்து செல்லும் வழியே தொடர்ந்து சென்றால் தாம் இருக்கும் இடம் தெரியும் என்று அருளினார் என்றும் தலபுராணம் கூறும். மன்னன் அவ்வாறே எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்தான். அது செண்பக வனத்தில், சுயம்புலிங்கம் இருந்த இடத்தில் சென்று முடிந்தது. இன்றும் செண்பகமே இத்தலத்தின் விருட்சம். மன்னர்க்கு வழிகாட்டப் பட்டத்து யானையை அனுப்பிய கதைகள் பல உண்டு. இங்கே வழிகாட்டியது எறும்பு. எளியவர்க்காக எழுந்த கோயிலுக்கு அதைவிடப் பொருத்தமான வழிகாட்டி ஏது?

திருப்பணி 1446-இல் தொடங்கியது. பராக்கிரம பாண்டியன் தொடங்கிய கோபுரத்தை அவன் தம்பி குலசேகர பாண்டியன் நிறைவு செய்தான். இறைவன் காசி விசுவநாதர், இறைவி உலகம்மன். மாசி மாதத்துப் பெருந்திருவிழாவும் ஐப்பசித் திருக்கல்யாணமும் இங்கே சிறப்பு.

கோபுர வாயிலில் ஒரு விந்தை உண்டு. உள்ளே நுழையும்போது மேற்கிலிருந்து வீசும் காற்று எதிரே வந்து மோதும். சில அடிகள் கடந்ததும் அதே காற்று முதுகைப் பிடித்து உள்ளே தள்ளுவது போலத் தோன்றும். முதலில் தயங்க வைத்துப் பிறகு தாமே அழைத்துக்கொள்ளும் இறைவனின் திருவிளையாடல் என்று அன்பர்கள் இதைச் சொல்லி மகிழ்வர். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மலைக்காற்று நேராக இக்கோபுரத்தை வந்தடைகிறது.

மண்டபத்தில் நின்று பார்க்க வேண்டியவை வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, காளி, ரதி, மன்மதன் ஆகிய பேருருவச் சிற்பங்கள். நரம்பும் நகமும் அணிகலனின் நுண்மணியும் கல்லில் உயிர் பெற்றிருக்கின்றன. கால்வலி உள்ளவர்கள் சற்று அமர்ந்து, ஒவ்வொன்றாகக் காண்பது நலம்.

கல்லில் வெட்டிய வணக்கம்

இக்கோயிலில் எல்லாவற்றையும் விடக் கருத்தில் கொள்ள வேண்டியது மன்னன் கல்வெட்டாகப் பொறித்துச் சென்ற பாடல். பொதுவாகக் கோயில் கல்வெட்டுகளில் மன்னரின் வெற்றிகளைக் காண்போம். அவர் அளித்த நிலங்களின் எல்லைகளைக் காண்போம். தருமத்துக்குத் தீங்கு செய்வோர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்ற எச்சரிக்கையைக் காண்போம்.

பராக்கிரம பாண்டியன் வேறுவிதமாக எண்ணினான். இந்தப் பொன்னாலயத்துக்கு என்றேனும் ஒரு குறை நேரலாம். அப்போது யாராக இருந்தாலும் வந்து அக்குறையை நீக்கிக் காப்பவர்களை உலகறியத் தான் பணிந்து வணங்குவதாக அவன் எழுதி வைத்தான். குலம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. தன் மரபில் வருவோரை மட்டும் குறிப்பிடவும் இல்லை. முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் காலில் விழுகிறான்.

அவன் அஞ்சியது நடந்தது. கோபுரம் சிதைந்து பிளவுற்றது. நெடுங்காலம் ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். கோபுரம் இல்லாத கோயிலைப் பார்த்தே தலைமுறைகள் கடந்தன. பிறகு பலருடைய பொருளுதவியும் உழைப்பும் ஒன்றுசேர, டாக்டர் பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலைகளுடன் சுமார் 180 அடி உயர ராஜகோபுரம் மீண்டும் எழுந்தது. 1990-இல் குடமுழுக்கு நடைபெற்றது. அதன் பிறகும் திருப்பணிகள் நடந்து, 2025 ஏப்ரலில் மறுபடியும் குடமுழுக்கு கண்டது இக்கோயில்.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் செய்த வணக்கம், பெயர் பொறித்த உபயதாரர்களுக்கு மட்டும் உரியதன்று. மணல் சுமந்த சித்தாளும் சாந்து குழைத்த கொத்தனாரும் உண்டியலில் ஒரு ரூபாய் இட்ட மூதாட்டியும் அதைப் பெற்றவர்களே. பிராகாரத்தை வலம் வரும் ஒவ்வொருவரும் அந்த வணக்கத்துக்குத் தகுதியாக என்ன செய்தோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

பெரிய செயல் வேண்டியதில்லை. சிற்பங்களின்மீது விபூதி, குங்குமம், எண்ணெய் தடவாமல் கைகூப்பி வணங்குதல். தூணடியில் கற்பூரம் ஏற்றாமல் உரிய இடத்தில் ஏற்றுதல். மீந்த விபூதியைத் தூணின் மடிப்பில் கொட்டாதிருத்தல். உடன் வரும் பேரப்பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தல். இவையும் குறை நீக்கும் திருப்பணியே.

தென்காசிப் பாண்டியர் வரலாற்றில் மறக்க முடியாத மற்றொரு பெயர் அதிவீரராம பாண்டியன். திண்ணைப் பள்ளியில் பயின்ற தலைமுறைக்கு அறிமுகமான வெற்றிவேற்கையும், காசியின் பெருமை பேசும் காசிக் காண்டமும் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவன் இயற்றியவையே.

கஷாயம் ஏற்கும் குற்றாலநாதர்

தென்காசியில் மாலை வழிபாட்டை முடித்து இரவு தங்கி, மறுநாள் விடியலில் குற்றாலம் செல்வது உகந்தது. பேரருவியின் ஓசை கேட்கும் தொலைவிலேயே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவில் அமைந்த கோயில் இது. திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், இங்குள்ள தலவிருட்சமான குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியருளினார். மரமே பாடல் பெற்ற தலமாவது அரிது.

இது முன்பு திருமால் கோயிலாக இருந்ததென்றும், சிவனடியார் கோலத்தில் வந்த அகத்தியரை உள்ளே விடாததால் அவர் வைணவக் கோலம் பூண்டு வந்து, திருமாலின் திருமுடியில் கைவைத்துக் குறுகச் செய்து சிவலிங்கமாக வழிபட்டார் என்றும் தலபுராணம் கூறும். அரியும் சிவனும் ஒன்று என்ற கொள்கைக்கு இத்தலம் சான்றாக நிற்கிறது.

அகத்தியர் கை அழுத்தியதாலும் அருவிக் குளிர்ச்சியாலும் இறைவனுக்குத் தலைவலி உண்டாகுமாம். ஆகவே மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலத்தால் அவருக்கு அபிஷேகம் நடைபெறுகிறது. சுக்கு முதலியன சேர்த்த கஷாயமும் நிவேதனம் ஆகிறது. வீட்டில் பாட்டி செய்யும் கைவைத்தியத்தையே இறைவனுக்கும் செய்யும் இந்த அன்பு, மூட்டுவலியோடு வந்து நிற்கும் முதியவர்களை உள்ளம் நெகிழச் செய்யும். அம்பிகை குழல்வாய்மொழியாள். பராசக்தி பீடமும் இக்கோயிலில் தனிச் சந்நிதியாக உள்ளது.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தனியே அமைந்திருப்பது சித்திரசபை. திருவாலங்காட்டு இரத்தின சபை, தில்லைப் பொற்சபை, மதுரை வெள்ளியம்பலம், நெல்லைத் தாமிரசபை ஆகியவற்றோடு ஐந்து சபைகளில் ஒன்றாக எண்ணப்படுவது. மற்ற நான்கிலும் கூத்தபிரான் விக்கிரகமாக ஆடுகிறார். இங்கே ஓவியமாக ஆடுகிறார். சுவரெங்கும் புராணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. குற்றாலம் வருவோரில் பலர் அருவியில் நனைந்துவிட்டு இதைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர். அமைதியாக ஒரு மணி நேரம் செலவிடத் தக்க இடம் இது.

சாரலும் அருவியும்

திரிகூட மலையில் பிறக்கும் சிற்றாறு தேனருவி, செண்பகாதேவி அருவி ஆகியவற்றைக் கடந்து பேரருவியாக விழுகிறது. விழும் வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் நீர் நிறைந்து பொங்கி மறுபடியும் இறங்குவதால் அதன் வேகம் தணிகிறது. அவ்வாறு தணியாவிட்டால் அடியில் நின்று நீராட இயலாது. மலைமீதுள்ள அருவிகளுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். முதியவர்களுக்கு அந்த ஏற்றம் ஏற்றதன்று. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றுக்கு வாகனத்தில் செல்லலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே மேகங்களை இப்பக்கம் தள்ளிவிடுகிறது. வெயில் அடிக்கும்போதே தூறலும் விழும். இதுவே சாரல். விடுமுறை நாட்களைத் தவிர்த்து, வார நாட்களின் அதிகாலையில் சென்றால் நெரிசல் இராது.

அருவியை அன்போடு அணுக வேண்டும்; அச்சத்தோடும் அணுக வேண்டும். மலைமேல் பெய்யும் மழை கீழே இருப்போருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு சென்றது. காவலர்கள் விலகச் சொன்னால் அக்கணமே விலக வேண்டும். வழுக்கும் பாறையில் கால்வைக்கத் தயங்குபவர்கள் அருவியின் எதிரே நின்றாலே போதும். திவலைகள் தாமே வந்து தலையில் தெளிக்கும். அதுவும் தீர்த்தமாடிய பயனே. சோப்பு, ஷாம்பு பயன்படுத்துவதற்கு உயர்நீதிமன்றம் தடை விதித்துள்ளது. நனைந்த துணியை அங்கேயே விட்டுவரும் வழக்கத்தையும் கைவிடுவது நல்லது. இறைவன் நீராடும் நீர் அது.

கம்பெனியார் நட்ட மரங்கள்

குளிர்ச்சியை நாடி ஆங்கிலேய அதிகாரிகளும் இங்கே பங்களா கட்டித் தங்கினர். உலகின் மறுகோடியில் மொலுக்காஸ் தீவுகள் இருக்கின்றன. எரிமலைகள் நிறைந்த அத்தீவுகளே ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் தாயகம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய பின், கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் வாசனைப் பொருள்களுக்கான தோட்டம் அமைத்தனர். நெருப்பு மலையில் பிறந்த செடி நீர்மலையில் வேர்விட்டது. இன்று சாரல் காலத்தில் கடைகளில் குவியும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கிழக்குத் தீவுகளைப் பூர்விகமாகக் கொண்டவையே. கம்பெனி போயிற்று, பழம் இருக்கிறது. அதுவும் குற்றாலநாதரின் பிரசாதமாகிவிட்டது.

தமிழுக்கும் இந்த மண் வளமானது. அருகிலுள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதற்குப் பரிசாக மதுரை நாயக்கர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தில் வாழ்ந்து, தம்மைத் தேடி வந்த ராஜாஜி, கல்கி முதலியோருக்குத் தமிழ் விருந்து படைத்தார்.

அருகில் தரிசிக்க

நேரம் உள்ளவர்கள் இலஞ்சி குமாரரையும், ஆய்க்குடி பாலசுப்பிரமணியரையும், பண்பொழி திருமலைக்குமாரரையும் வணங்கலாம். திருமலைக்கோயிலுக்குப் படிகளோடு வாகனப் பாதையும் உண்டு. செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் ரயிலில் அமர்ந்தபடியே கணவாயையும் குகைப்பாதைகளையும் பதிமூன்று கண் பாலத்தையும் காணலாம். 1904-இல் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வழியில் ஆரியங்காவு ஐயப்பன் கோயிலும் உள்ளது.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்கிறது. திருநெல்வேலியிலிருந்து சாலை வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர். நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்படும். ஆகவே காலையிலோ மாலையிலோ தரிசனத்தை அமைத்துக்கொள்வது நலம். சாரல் காலத்தில் குடையும் கம்பளியும் வழக்கமான மருந்துகளும் உடன் இருக்கட்டும்.

காசிக்குச் சென்றவர்களும் தென்காசிக்கு வரலாம். செல்ல இயலாதவர்கள் அவசியம் வர வேண்டும். அவர்களுக்காகவே இக்கோயில் எழுந்தது. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, அதன் உயரத்தைவிட, அதைக் காப்பவர் முன்னே தலைதாழ்த்திய மன்னனின் பணிவு பெரிதாகத் தோன்றும்.