பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணினி அறிவியல்)

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்று எங்கள் அப்பாயி அடிக்கடி சொல்வார். அதன் பொருளைக் கடந்த கோடை விடுமுறையில்தான் உணர்ந்தேன். அதுவும் ஓர் இயந்திரத்தின் முன் நின்று!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறையில் சும்மா இருக்க வீட்டு நிலை இடம் கொடுக்காது. பெரியப்பா மகன் சென்னையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கேபிள் இழுக்கும் வேலை பார்க்கிறார். என் தேர்வுக் கட்டணமே அவர் கூலியிலிருந்துதான் வருகிறது. அவருக்குத் துணையாளாக ஒரு நிறுவனத்தின் தரவு மையத்துக்குச் சென்றேன்.

அங்கே ஒருபுறம் சர்வர்கள். மறுபுறம் தரவைச் சேமிக்கும் வட்டுகள். இரண்டையும் இணைப்பவை ஃபைபர் சேனல் ஸ்விட்சுகள். ஸ்விட்சின் ஒவ்வொரு வாயிலும் ‘போர்ட்’ எனப்படும். அதில் செருகியுள்ள எஸ்.எஃப்.பி. என்ற விரலளவுச் சிறு பெட்டி, மின் குறிப்பை ஒளியாக்கிக் கண்ணாடி இழையில் அனுப்பும். மறுமுனையில் உள்ள எஸ்.எஃப்.பி. அவ்வொளியை மீண்டும் மின்னாக்கும்.

அண்ணன் போட்ட 60 மீட்டர் கேபிள் ஒன்று இரு ஸ்விட்சுகளை இணைத்தது. மூன்றாம் நாள் அந்த இணைப்பில் பிழைகள் குவியத் தொடங்கின. “கேபிளை மடக்கி ஒடித்திருப்பான்” என்றார் மேற்பார்வையாளர். “கேபிள் விலையைக் கூலியில் பிடிப்பேன், நாளையிலிருந்து வரவேண்டாம்” என்றார் ஒப்பந்தக்காரர். அண்ணன் வாய் திறக்கவில்லை. என்ன சொல்வார்? இழைக்குள் நடப்பதைக் கண்ணால் காட்ட முடியுமா?

அப்போது ஸ்விட்சுகளைப் பராமரிக்கும் பொறியாளர் அம்மையார் குறுக்கிட்டார். “சோதிக்காமல் யாரையும் சொல்லாதீங்க. டி-போர்ட்டில் போட்டுப் பார்ப்போம்” என்றார்.

டி-போர்ட் என்பது போர்ட்டை நோயறியும் நிலைக்கு மாற்றுவது. ப்ரோகேட் நிறுவனம் நொடிக்கு 16 கிகாபிட் வேக ஸ்விட்சுகளை 2011-இல் வெளியிட்டபோது இவ்வசதியையும் தந்தது. முதலில் போர்ட்டை முடக்க வேண்டும். அடுத்து டி-போர்ட்டாக அமைக்க வேண்டும். பிறகு மீண்டும் இயக்க வேண்டும். இதை இரு முனைகளிலும் செய்தால் சோதனை தானே தொடங்கிவிடும். அந்நேரம் அந்தப் போர்ட் தரவு எதையும் சுமக்காது. எனவே மாற்றுப் பாதை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டார் அம்மையார்.

சோதனை மூன்று படிகள் கொண்டது. முதற்படியில் குறிப்பு தன் பக்கத்து எஸ்.எஃப்.பி. வரை சென்று, ஒளியாகாமலே திரும்பும். இரண்டாம் படியில் ஒளியாகிக் கேபிளைக் கடந்து, எதிர்முனை எஸ்.எஃப்.பி.யைத் தொட்டுத் திரும்பும். மூன்றாம் படியில் எதிர் ஸ்விட்சின் சில்லு வரை சென்று வரும். எந்தப் படியில் தடுக்கி விழுகிறதோ, அங்கே தேட வேண்டும் கோளாற்றை!

எங்கள் பக்கத்திலிருந்து முதற்படி தேறியது. எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியபோது முதற்படியே தோற்றது. குறிப்பு கேபிளை எட்டவே இல்லை! அந்த எஸ்.எஃப்.பி.யை மாற்றி மறுபடி சோதித்தார்கள். மூன்று படிகளும் தேறின. ஒளி கண்ணாடி இழையில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகும். அந்தக் கணக்கை வைத்து ஸ்விட்ச் கேபிளின் நீளத்தையும் மதிப்பிட்டது. ஏறத்தாழ 60 மீட்டர். அண்ணன் அதைத் திரையில் இரண்டு முறை பார்த்தார்.

இறுதியில் அம்மையார் இரு போர்ட்டுகளையும் முடக்கி, டி-போர்ட் நிலையை நீக்கி, மீண்டும் இயக்கினார். “இதை மறந்தால் நல்ல இணைப்பும் வேலையில்லாமல் கிடக்கும், தம்பி” என்றார். ஒப்பந்தக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அண்ணன் வேலைக்குச் சென்றார், கூலியும் குறையவில்லை.

நண்பர்களே, என் கதையையும் சொல்கிறேன். முதற் பருவத்தில் நான் கணிதத்தில் தோற்றேன். தமிழ்வழியில் படித்ததே காரணம் என்று பிறர் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் பழைய வினாத்தாளைத் தமிழில் எழுதிவைத்துப் போட்டுப் பார்த்தேன். மற்றவை வந்தன, தொகை நுண்கணிதம் மட்டும் தமிழிலும் வரவில்லை. என் முதற்படியிலேயே கோளாறு! வெட்கத்தை விட்டுப் பேராசிரியரிடம் சென்று முதலிலிருந்து கேட்டேன். நவம்பரில் தேறினேன்.

ஆங்கிலம் நமக்குத் தடையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற கணக்குகளில் நான் இழந்த மதிப்பெண்ணுக்கு அதுவே காரணம். கோளாறு நம்மிடமும் இருக்கலாம், வழியிலும் இருக்கலாம், எதிர்முனையிலும் இருக்கலாம். எங்கே என்று பார்த்த பிறகு பேசுவோம். பார்க்காமல் பேசினால், அது பெரும்பாலும் கேபிள் இழுத்தவன் தலையில்தான் விடிகிறது.