ஓசூரிலிருந்து படகுப் போட்டிக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களிடம் தண்ணீர் என்று சொன்னால் மூன்று விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒகேனக்கல் பரிசல். கே.ஆர்.பி. அணை மீன் வறுவல். அப்புறம், பெங்களூரிலிருந்து வரும் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கும்போது டிவிக்காரர்கள் வந்து நிற்பது. துடுப்புப் படகுப் போட்டி இந்தப் பட்டியலில் வராது. சிப்காட்டில் மூன்று ஷிப்டு ஓடுகிற ஊரில் 'ரெகாட்டா' என்றால் ஏதோ ஸ்கூட்டர் மாடல் என்றுதான் நினைப்பார்கள் :-)

ஆனால் ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர் அல்சூர் ஏரி. அதன் கரையில்தான் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று சொல்லப்படும் ராணுவப் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. இந்தியாவில் இந்த விளையாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ராணுவத்துக்காரர்கள்தான். காரணம் எளிது. பந்தயப் படகு என்பது ஒரு சாதாரண வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. (வணிகவியல் பாஷையில் சொன்னால், தேய்மானக் கணக்கு எழுதவேண்டிய நிலையான சொத்து!)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பரிசல்காரர் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பால் தள்ளுவார். ரோயிங்கில் தலைகீழ். முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். போகிற இடம் தெரியாது, கடந்து வந்த இடம்தான் தெரியும். ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல்லிங், ஆளுக்கு ஒன்று என்றால் ஸ்வீப். எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் மட்டும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர்தான் காக்ஸ். துடுப்பே பிடிக்காமல் மெடல் வாங்குகிற மனிதர். அவர் குறைந்தபட்சம் 55 கிலோ இருக்கவேண்டும் என்று விதி. இல்லாவிட்டால் குறைகிற எடையை மூட்டையாகக் கட்டி அவர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு போகவேண்டும். ஒல்லியான ஆளைப் பிடித்துப் போட்டு ஜெயிக்கலாம் என்கிற கணக்கு அங்கே அடிபட்டுப் போகிறது.

படகுக்கும் எடை உண்டு. ஒற்றையர் படகு 14 கிலோவுக்குக் குறையக்கூடாது, எட்டுப் பேர் படகு 96 கிலோவுக்குக் குறையக்கூடாது. பந்தயம் முடிந்து கரைக்கு வருகிற படகுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தராசில் ஏற்றிவிடுவார்கள். எடை குறைந்தால் முதலாவதாக வந்தவர் கடைசி இடத்துக்குப் போய்விடுவார். படகின் மூக்கு நுனியில் 4 சென்டிமீட்டர் விட்டத்தில் வெள்ளைப் பந்து ஒன்று இருக்கவேண்டும். அழகுக்கு இல்லை. கூர்மையான மூக்கு இன்னொருவர் முதுகில் குத்திவிடாமல் இருப்பதற்கு. வீரரின் காலணி படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். படகு கவிழ்ந்தால் கையால் ஒரே இழுப்பில் கால் விடுபடவேண்டும் என்பதும் விதி. இந்த விதிப் புத்தகத்தில் பாதி நியாயம் பற்றியது, மீதிப் பாதி உயிர் பற்றியது.

சரி, பந்தயத்துக்கு வருவோம். உலகப் போட்டிகளில் தூரம் 2000 மீட்டர். ஒவ்வொரு லேனும் 13.5 மீட்டர் அகலம். ஸ்டார்ட் எடுக்கும் இடத்தில் மிதவை மேடைமேல் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு படகின் பின்நுனியைக் கையால் பிடித்திருப்பார். எல்லா மூக்கும் ஒரே கோட்டில் வரும்வரை முன்னும் பின்னுமாக நகர்த்துவார்கள். இரண்டு நிமிஷம் இருக்கும்போது குழு அங்கே தயாராக இருக்கவேண்டும். தாமதமாக வந்தால் மஞ்சள் அட்டை. ஸ்டார்ட்டர் ஒவ்வொரு குழுவின் பெயராகப் படிப்பார். 'அட்டென்ஷன்' என்பார், சிவப்பு விளக்கு எரியும். கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒலியோடு பச்சை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மூக்கு கோட்டைத் தாண்டினால் அதற்கும் மஞ்சள் அட்டை. ஒரே பந்தயத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினால் சிவப்பு, மூட்டை கட்டவேண்டியதுதான். தாமதத்துக்கு வாங்கிய அட்டையும் இந்தக் கணக்கில் சேரும். டிராபிக்கில் மாட்டினேன் என்கிற கதையெல்லாம் எடுபடாது.

பந்தயம் ஓடும்போது நடுவர் மோட்டார் படகில் பின்னாலேயே வருவார். உன் லேனை விட்டு நீ விலகினால் அது உன் பாடு, தப்பு இல்லை. ஆனால் பக்கத்து ஆளுக்குத் தொந்தரவு ஆகும்போது நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கி, குழுவின் பெயரைச் சொல்லி, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கொடியைச் சாய்த்துக் காட்டுவார். அவ்வளவுதான். பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவர் வேலை இல்லை. கரையில் இருக்கும் கோச்சும் மைக் வைத்தோ ரேடியோ வைத்தோ பேசக்கூடாது.

முடிவு எப்போது? படகின் மூக்கு கோட்டைத் தொடும்போது. நடுவில் ஒரு வீரர் தண்ணீரில் விழுந்துவிட்டால்? மீதி ஆட்கள் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் செல்லும். ஆனால் காக்ஸ் விழுந்தால் செல்லாது! ஆட்சேபம் இருந்தால் பந்தயம் முடிந்ததும் அங்கேயே கையைத் தூக்கவேண்டும். நடுவர் அதைக் கேட்டு முடிவு சொல்வார். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். எல்லாம் சரி என்றால் நடுவர் வெள்ளைக் கொடி காட்டுவார். அதற்குப் பிறகுதான் முடிவு முடிவாகும்.

2016 ரியோ ஒலிம்பிக் ஒற்றையர் இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேலும் குரோஷியாவின் தாமிர் மார்ட்டினும் ஒரே நேரத்தில் வந்தார்கள், 6 நிமிஷம் 41.34 வினாடி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்தப் போட்டோவுக்கு முன்னால் இரண்டு பேருமே ஜெயித்தவர்கள்தான், யோசித்துப் பாருங்கள்.

அதே ரியோவில், அதே பிரிவில் நம்ம ஆள் ஒருவர் 13-வதாக வந்தார். தத்து பபன் போகனல். நாசிக் மாவட்டத்தில் தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்க்காரர். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டியவர். அப்பா இறந்தபின் 2012-ல் ராணுவத்தில் சேர்ந்து, அங்கேதான் துடுப்பையே பார்த்தார். ஆரம்பத்தில் தண்ணீர் என்றாலே பயம். கல் உடைக்கிற, போர்வெல் போட்டுப் போட்டு ஓய்ந்துபோன நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையன்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை.

2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் இறுதியில் அவர் கடைசியாக, 6-வதாக வந்தார். மறுநாள் அதே மனிதர் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் படகில் ஏறித் தங்கம் வாங்கினார். கேட்க சினிமா மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் 2019 மார்ச்சில் இந்திய ரோயிங் கூட்டமைப்பு அவருக்கு இரண்டு வருஷம் தடை போட்டது. ஒற்றையர் பந்தயத்தில் வேண்டுமென்றே நடுவில் துடுப்பு போடுவதை நிறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று அவர் சொன்னார். 2020 ஜனவரியில் தடை நீக்கப்பட்டது. இடையில் போன மாதங்களை யார் திருப்பித் தருவது? தண்ணீரில் ஒருவர் ஆட்சேபம் சொல்ல ஒரு மணி நேரம் என்று விதி அழுத்தமாகச் சொல்கிறது. கரையில் அப்படி எந்தக் கடிகாரமும் ஓடுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு புதிதும் இல்லை. அடையாறு கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-லிருந்து இருக்கிறது. கொழும்பு ரோயிங் கிளப் அதற்கும் மூன்று வருஷம் மூத்தது. இந்த இரண்டு கிளப்புகளும் 1898-ல் ஆரம்பித்து மோதிக்கொள்கின்றன. ஒரு வருஷம் அடையாற்றில் என்றால் இன்னொரு வருஷம் கொழும்பு பெய்ரா ஏரியில். ஆண்களுக்குத் தீபம் கோப்பை, பெண்களுக்கு அடையார் கோப்பை. ஆனால் கிளப் என்றால் உறுப்பினர்கள். உறுப்பினர் என்றால் சந்தா, சிபாரிசு. சூளகிரியிலிருந்தோ தளியிலிருந்தோ ஒரு பெண் போய் அந்தக் கேட்டில் நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேசியப் போட்டிக்குத் தனி ஆளாகப் பெயர் கொடுக்க முடியாது. மாநில சங்கம் அனுப்பவேண்டும், அல்லது ராணுவம் மாதிரி ஒரு அமைப்பு அனுப்பவேண்டும். உலக ஜூனியர் போட்டிக்கு அந்த வருஷம் 18 வயதைத் தாண்டக் கூடாது, 23-க்குக் கீழ் பிரிவில் அந்த வருஷம் 22-ஐத் தாண்டக் கூடாது. அதாவது காலேஜ் முடிக்கும்போது ஜூனியர் கதவு சாத்தி வருஷங்கள் ஆகியிருக்கும். எடை குறைந்தவர்களுக்கான பிரிவு ஒன்று ஒலிம்பிக்கில் இருந்தது (ஆண்களுக்கு அதிகபட்சம் 72.5 கிலோ, இரண்டு பேரின் சராசரி 70). நம்ம ஊர் உடம்புவாகுக்கு ஏற்ற பிரிவு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் ஜோடி அதில்தான் 11-வது இடம் பிடித்தது. 2024 பாரிஸோடு அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2028-ல் கடற்கரைப் படகோட்டம் வருகிறது. அந்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கமான பந்தயத் தூரமும் 1500 மீட்டர்தான். 2000 மீட்டருக்கு அங்கே இடமில்லை.

கே.ஆர்.பி. அணை நிறைந்திருக்கும் நாளில் கரையில் நின்று பார்ப்பவர்கள் ஒருமுறை மனதுக்குள் கோடு போட்டுப் பாருங்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராக, வளையாமல் 1500 மீட்டர் எங்கே கிடைக்கும் என்று. மீன் வறுவலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.