பாடியவர் பெயர்

யாரும் தொடாத வேளையிலும் எங்கள் துறைக் கணினி இணையத்தின் வழியே எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் கடைசியாக அமர்ந்து பணிசெய்தவன் ஒரு முதுகலை மாணவன். அவன்மீது ஐயுற்றதோடு நில்லாமல், பிறர் முன்னிலையில் கேட்டும்விட்டேன். மறுமொழியின்றித் தலைகுனிந்து போனான்.

கணினித்துறை நண்பர் வயர்ஷார்க் என்னும் மென்பொருளை இயக்கிக் காட்டினார். 1998இல் ஈத்தீரியல் என்று வெளிவந்து, 2006இல் இப்பெயர் பெற்றது அது. கணினியை விட்டு வெளியேறும் தரவுப் பொட்டலங்கள் வரிவரியாய்த் திரையில் ஓடின. ஒவ்வொன்றிலும் அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, போர்ட் எண்கள் எல்லாம் இருந்தன. அனுப்பிய நிரலின் பெயர் மட்டும் இல்லை.

"அது பொட்டலத்தில் இராது. இயங்குதளத்தைத்தான் கேட்கவேண்டும், அதுவும் இணைப்பு அறுபடுவதற்குள்" என்றார் நண்பர்.

எனக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. அடிக்குறிப்பு சிதைந்ததால் பாடியவர் பெயர் தெரியாமற்போன பாடல்கள் அதில் உண்டு. பாட்டு எஞ்சியது, புலவர் மறைந்தார்.

நண்பர் நெட்ஸ்டாட் கட்டளையை இட்டார். அதே போர்ட் எண்ணுக்கு எதிரே, அதைத் திறந்துவைத்திருந்த நிரலின் அடையாள எண் தெரிந்தது. அந்த எண்ணுக்குரிய பெயரைப் பட்டியலில் தேடினோம். சுவடிப் படங்களைச் சேமிப்பதற்காக நானே நிறுவிய காப்புப்படி நிரல்! பெரிய கோப்பு ஒன்றை ஏற்ற முடியாமல், மீண்டும் மீண்டும் முதலிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை ஐயா" என்றான். அன்றும் தலை நிமிரவில்லை.